சொட்டு மருந்தில் நஞ்சு கலந்தவர் யார்?

பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண் சுட்டுக் கொல்லப்பட்டாள் என்று செய்தி வரும்போதெல்லாம், நம்மவர் சிலர் "அவர்கள் மதமே அப்படி" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகின்றனர். இந்த அவசரத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

மதம்தான் தடை என்றால், 2014 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்து வங்காளதேசமும் இந்தோனேசியாவும் போலியோ அற்றவை என்று எப்படிச் சான்று பெற்றன? மருந்து மலடாக்கும் என்ற புரளி மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் உலவியதுதான். அங்கே இமாம்களே முன்வந்து மசூதி ஒலிபெருக்கியில் தாய்மார்களை அழைத்தார்கள்.

பாகிஸ்தானிலும் புரளி முன்பே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சாட்சி தேடிக் கொடுத்தது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. அல்லவா? 2011இல் பின் லாடன் குடும்பத்தாரின் இரத்த மாதிரிக்காக, ஒரு டாக்டரை வைத்து அபோட்டாபாத்தில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி இயக்கம் என்று நாடகம் நடத்தினார்கள். ஏழைகள் வாழும் பகுதியில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, இரண்டாம் ஊசிக்குத் திரும்பாமலே பின் லாடன் இருந்த பக்கம் போய்விட்டார்கள் என்று செய்தி வெளியாயிற்று. இதற்குப் பிறகு வாசலில் மருந்துப் பெட்டியோடு நிற்பவரை அந்தத் தாய் எப்படி நம்புவாள்?

அதற்காகத் தாலிபான்களை விட்டுவிட முடியுமா? 2012 ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானில் ஹாபிஸ் குல் பகதூர், ஆளில்லா விமானத் தாக்குதல் நிற்கும்வரை சொட்டு மருந்து கூடாது என்று தடை விதித்தார். குண்டு போடச் சொல்பவன் வாஷிங்டனில். கால் சூம்பிப்போவது வஜீரிஸ்தான் பிள்ளைக்கு. இதுவா வீரம்? அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அற்பக் கூலிக்கு வீடுவீடாக ஏறி இறங்கியவர்கள். மார்க்கத்தின் பெயரையும் அவர்கள் சொல்ல வேண்டாம்: தாலிபான் தலைவர்கள் பலர் பயின்ற மதரசாவின் மௌலானா சமி உல் ஹக்கே 2013 டிசம்பரில் சொட்டு மருந்துக்கு ஆதரவாக பத்வா கொடுத்தார்.

2014இல் பாகிஸ்தானில் 306 பேரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. தடுப்பூசியை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை வாக்களித்ததும் அந்த ஆண்டு மே மாதத்தில்தான். 2024இலும் 74 பேர். அவர்களில் பெரும்பாலோர் அபோட்டாபாத் நாடகம் நடந்தபோது பிறந்தே இருக்கவில்லை.