அச்சாணியும் வண்ணப்பூச்சும்

விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் நடமாடியவர்கள் அக்காட்சியை அறிவார்கள். தூக்குச்சட்டியும் மழைக்காகிதமுமாய்ப் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, பழைய ஜீப்புகள் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறிக்கொண்டிருக்கும். அப்பால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டையூசி வளைவுகள். வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் பொருத்தத் தொடங்கியது. போருக்காகப் பிறந்த அவ்வண்டியின் வழித்தோன்றல்கள்தாம் இங்கே ஏலக்காய்க்காக உழைக்கின்றன.

சென்ற ஆண்டு நண்பர்கள் மூவர் சேர்ந்து அத்தகைய பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினோம். எங்களுள் ஒருவருக்கு மலைமேல் சிறு தோட்டம் உண்டு. வேலைக்கு வருவோரும் அதில்தான் ஏறியாக வேண்டும். தரகர் காட்டிய வண்டி கரும்பச்சை வண்ணத்தில் பளபளத்தது. நாங்கள் மயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். 15 ஆண்டு கழிந்த வண்டியாதலால் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்தோம். காகிதத்தைப் படிக்கத் தெரிந்த எங்களுக்கு இரும்பைப் படிக்கத் தெரியவில்லை.

பட்டறைக்காரர் ஒரு சிறு சுத்தியலோடு வண்டிக்கடியில் புகுந்தார். சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி தட்டினார். கணீரென்ற ஓசை அங்கே மட்டும் சொத்தென்று விழுந்தது. துருவின்மேல் தகரம் ஒட்டி வண்ணம் பூசியிருந்தார்கள். பின்சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக் சிலிண்டரின் ரப்பர் நைந்து ஆயில் கசிந்திருந்தது. "சார், இத வச்சுக்கிட்டு மேட்டுல ஏறிரலாம். எறங்க முடியாது" என்றார்.

வினைத்திட்பம் அதிகாரத்தில், பெருந்தேருக்குச் சிறு அச்சாணியை உவமை சொல்லி, உருவைக் கண்டு இகழாதே என்கிறார் வள்ளுவர். அதனை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உருவைக் கண்டு மயங்குவதும் அதே பிழையின் மறுபக்கம் என்பது ஒரு ரூபாய் நாணயம் அளவேயான ரப்பர் துண்டைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது. இருக்கைக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய பணம் முழுவதும் சேசிஸுக்கும் பிரேக்குக்கும் ஸ்டியரிங் ஆட்டத்தைப் போக்கவும் போயிற்று.

இன்று பழைய ஜீப்பைப் புதுக்குவது ஒரு மோகமாகியுள்ளது. அகன்ற டயர், உயர்த்திய உடல், கண்ணைக் கூசும் விளக்குகள். தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாதென 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் ஒருபுறமிருக்க, பழையதன்மேல் கொள்ளும் அன்பை நாங்கள் குறை கூறவில்லை. செலவின் வரிசையையே கேள்வி கேட்கிறோம். நெடிய இறக்கத்தில் ஓயாமல் மிதித்தால் டிரம் சூடேறிப் பிரேக் பிடிமானம் இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதையின் பாலபாடம். அளவுக்கு மீறி ஆளேற்றினால் அப்பாடமும் கைகொடுக்காது.

விபத்து நேரும்போதெல்லாம் ஓட்டுநரைப் பழித்துவிட்டு அமைகிறோம். தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசப்படும்வரை, ஆள் குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் பிரேக் வேலை தள்ளிப்போகும். வண்டிக்கு இவ்வளவு என்று வாடகை தந்து, அதனைத் தோட்ட உரிமையாளர் ஏற்பதே முறையென்று கருதுகிறோம். ஏலக்காயின் விலையில் அதைப் பறிக்கும் கைகளின் பயணத்துக்கும் பங்குண்டு.

எங்கள் ஜீப்பில் இன்னும் இரண்டு இடங்களில் வண்ணம் உரிந்தே கிடக்கிறது. ஆர்.சி.யில் உள்ள இருக்கைகளுக்கு மேல் ஒருவரையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதனால் சில நாள் இரண்டு நடை போக வேண்டியிருக்கிறது. போகிறோம்.