லயத்து ரொட்டியும் கடைக் கொத்தும்

கொத்து ரொட்டியே இலங்கையின் தேசிய உணவென்று எழுதுவோர் இன்று பெருகிவிட்டனர். சூடேறிய இரும்புக் கல்லின்மேல் இரு தகடுகள் எழுப்பும் தாளத்தில் இன ஒற்றுமையின் இசையையே கேட்டுவிட்டவர்களும் உளர். கீழ்மாகாணத்திலே பிறந்ததாகக் கூறப்படும் அவ்வுணவு பதுளைக் கடைத்தெருவிலும் மாலைதோறும் பார்சல் பார்சலாக விற்பனையாகிறது, நன்றாகவும் இருக்கிறது. அதை எவர் உண்டாலும் எமக்கு மறுப்பில்லை. ஆனால் இதே பேனாக்கள் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் உள்ள லயத்து ரொட்டியைப் பற்றி எழுதும்போது தொனி மாறிவிடுகிறது. "தோட்டத்து மக்கள் மாவைத் தின்று பழகிவிட்டார்கள், அது பரம்பரைப் பழக்கம், சொன்னாலும் திருந்தமாட்டார்கள்" என்று படித்தவர்களே பேசுகின்றனர்.

எந்தப் பரம்பரை? திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இம்மலைகளுக்குக் கொணரப்பட்டோருட் பெரும்பாலோர் கேழ்வரகும் கம்பும் சோளமும் விளைவித்து உண்டவர்கள். கோதுமை அவர் வயலிலும் இல்லை, அடுப்பிலும் இல்லை. தோட்டத்துக்கு வந்தபின் கிடைத்தது, கூலியிற் கழித்துக்கொண்டு நிர்வாகம் அளந்து தந்த அரிசி. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அரிசிக் கப்பல்கள் நின்றுபோகவே, பங்கீட்டில் கோதுமை மா புகுந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமான பிறீமாவின் ஆலை இயங்கத் தொடங்கியபின் அது இன்னும் வேரூன்றிற்று. கோதுமை விளையாத நாட்டில் கோதுமையே ஏழையின் உணவாயிற்று என்றால் அதற்கு ருசியா காரணம்?

1973, 1974ஆம் ஆண்டுகளை மறந்துவிட்டுத் தோட்டத்து உணவைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பங்கீடு சுருங்கிய அக்காலத்தில் தோட்டங்களிலே மனிதர் பசியால் மாண்டனர். சொந்தக் காணி இல்லாதோருக்கு மரவள்ளி நட்டுப் பிழைக்கவும் வழியிருக்கவில்லை. அந்தத் தலைமுறை மா கிடைத்த நாளைத் திருநாளாகக் கொண்டதில் வியப்பென்ன?

இனி வேலையின் கணக்கையும் பாருங்கள். விடியுமுன் எழும் பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு பிடி தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து தட்டிய ரொட்டி ஈர விறகிலும் எப்படியோ வெந்துவிடும். சம்பலுடன் சுற்றிக்கொண்டால் மலைக்குக் கெடாமற் போகும். (பார்சல் என்ற சொல் இங்கே வருமுன்னரே இருந்த பார்சல் இது!) இரண்டு தின்றால் பகல்வரை பசி அடங்கும். கையிலுள்ள நேரத்தையும் காசையும் விறகையும் கொண்டு ஒரு தாய் போட்ட இக்கணக்கில் அறியாமையைக் கண்டவர்கள், அதைவிடச் சரியான கணக்கொன்றைப் போட்டுக் காட்டுவார்களா?

நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்ததே நீண்ட போராட்டத்தின் பின்னர்தான். அந்த 1350 ரூபாவுக்கு நால்வர் உண்ணக் கோழிக் கொத்து வாங்கமுடியாது. கடைக் கொத்திலும் அதே கோதுமை மாவே. ஆனால் அதனுடன் முட்டையும் இறைச்சியும் மரக்கறியும் சேருகின்றன. லயத்து ரொட்டியுடன் சேருவது சம்பல் மட்டுமே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவில் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். மாணவரை உயரப்படி வரிசையில் நிறுத்தும் தோட்டப் பள்ளி ஆசிரியர் எவருக்கும் இது புதிய செய்தியன்று. இடைவேளையிலே ரொட்டியைக் கையால் மறைத்து உண்ணும் பிள்ளைகளையும் நாம் காண்கிறோம். அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

கீரை உண்ணுங்கள், பால் அருந்துங்கள் என்று உபதேசிக்கக் கூட்டங்கள் நடக்கின்றன. நல்லது. தனிவீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது 7 பேர்ச் நிலம். அதுவும் கிட்டாமல் லயக்காம்பராவிலேயே இருப்போர் இன்னும் பலர். வீடும் படிக்கட்டும் கழிவறையும் போக அந்த 7 பேர்ச்சில் எத்தனை கீரைப் பாத்தி அமையும், மாட்டை எங்கே கட்டுவது என்பதை உபதேசிகள் முதலில் அளந்து காட்டட்டும்.