லயத்து வீடன்று என் கணினி



சென்ற வாரம் சக ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியுடன் என்னிடம் வந்தார். "ஐயா, தானாக எதுவும் இதில் ஏறாதபடி எல்லா வழிகளையும் அடைத்துக் கொடுங்கள்" என்றார். பாதுகாப்புத் திருத்தங்களையுமா என்று கேட்டேன். "எது பாதுகாப்பு, எது வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்? எதுவும் வேண்டாம் ஐயா" என்று முடித்துவிட்டார்.

அவரைப் பார்த்து நகைக்க என்னால் இயலவில்லை. கதவைத் தட்டுபவர் மருத்துவரா, வீட்டை மாற்றச் சொல்ல வந்தவரா என்று தெரியாதபோது, திறக்க மறுப்பவரை எப்படிக் குறை சொல்வது? அவர் உள்ளத்தில் அந்த ஐயத்தை விதைத்தது யார் என்பதே என் கேள்வி. விதைத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2015 சூலை 29-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்தை வெளியிட்டது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் இலவயமாகப் பெறலாம் என்றது. இலவயம் என்றால் வேண்டுவோர் பெற்றுக்கொள்வர், வேண்டாதோர் விட்டுவிடுவர். அதுதானே முறை? நடந்தது அதுவன்று. வெளியீட்டிற்குச் சில மாதங்கள் முன்பே கேபி3035583 என்னும் எண் தாங்கிய ஒரு 'திருத்தம்' கணினிகளுக்குள் இறங்கியிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்ற அதே வாயில் வழியாக வந்த அது, எந்த ஓட்டையையும் அடைக்கவில்லை. திரையின் கீழ்மூலையில் அமர்ந்துகொண்டு 'விண்டோஸ் 10 பெறுக' என்று ஓயாமல் கூவுவதே அதன் வேலை! கேட்காதவர்களின் வன்தட்டிலும் பல கிகாபைட் அளவுள்ள கோப்புகள் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில் அப்பதிப்பு 'பரிந்துரைக்கப்படும் திருத்தம்' என்னும் தகுதிக்கு உயர்த்தப்பட்டது. எல்லாவற்றையும் தானாகப் பெறுமாறு நம்பிக்கையோடு அமைத்து வைத்திருந்தவர்களின் கணினிகளே இதனால் முதலில் சிக்கின.

இவற்றையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2016 மே மாதத்தில் நடந்ததை மட்டும் என்னால் இன்றளவும் பொறுக்க இயலவில்லை. இந்த நாளில் இந்த நேரத்தில் உங்கள் கணினி மாற்றப்படும் என்று ஒரு சாளரம் தோன்றியது. அதன் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. 1995-இல் விண்டோஸ் 95 வந்த நாள் முதலாக அந்தக் குறிக்கு ஒரே பொருள்தான்: மூடு, வேண்டாம், போ. இருபத்தோர் ஆண்டுகளாக உலகத்திற்கே அவர்கள் கற்பித்த பொருள் அது. அந்தச் சாளரத்தில் மட்டும் அதே குறியைச் சொடுக்கினால், குறித்த நேரத்தில் மாற்றம் நடக்கட்டும் என்று இசைந்ததாகக் கொள்ளப்பட்டது! மறுக்க விரும்பியவர், சாளரத்திற்குள் சிற்றெழுத்தில் கிடந்த ஓர் இணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஆசிரியன். இதை என் தொழிலோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நம் பிள்ளைகளைக் கெல்லி மாளிகைக்கோ பங்கோர் தீவுக்கோ கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்ல வேண்டுமானால், பெற்றோருக்கு இசைவுக் கடிதம் அனுப்புகிறோம். கையெழுத்திட்டு வராத கடிதத்தை இசைவு என்று கொண்டு பிள்ளையைப் பேருந்தில் ஏற்றுவோமா? கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்ட பெற்றோரிடம், 'கிழித்ததனால் ஒப்புக்கொண்டீர்கள்' என்று சொல்லத்தான் நமக்கு நா எழுமா? பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேற்று வெளிவந்த இளம் ஆசிரியர்கூட இதைச் செய்யத் துணியமாட்டார்.

அந்நாளில் உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் நேரலையில் பேசிக்கொண்டிருக்கையிலேயே, வரைபடத்தின் மீது இந்த அழைப்பு வந்து விழுந்தது. அதைக் கண்டு பலரும் சிரித்தோம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து வந்த செய்தியோ சிரிக்க முடியாதது. வனவிலங்கு வேட்டையைத் தடுக்கக் காட்டில் பணியாற்றிய ஒரு குழு, அளந்து அளந்து காசு கொடுக்கும் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தது. அந்த இணைப்பின் வழியாகவே இந்தப் பெருங்கோப்பு கேளாமல் இறங்கியது. தோட்டப்புறங்களில் அளவு குறித்த தரவுத் திட்டத்தைக் கொண்டு காலந்தள்ளியவர்களுக்கு அந்த வலி விளங்கும்.

கலிபோர்னியாவில் டெரி கோல்ட்ஸ்டீன் என்னும் பயண முகவர் வழக்காடி 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். தம் இசைவின்றி மாற்றம் தொடங்கியது, தொழிலுக்குரிய கணினி பல நாள் பயனற்றுப் போனது என்பது அவர் முறையீடு. நிறுவனம் தவறை ஒப்பவில்லை. மேற்கொண்டு வழக்குச் செலவு வேண்டாம் என்று மேல்முறையீட்டைக் கைவிட்டதாகச் சொன்னது. 2016 சூன் இறுதியில் சாளரம் மாற்றப்பட்டது. பெருக்கல் குறி மீண்டும் பெருக்கல் குறியாயிற்று. ஆனால், இலவய ஓராண்டு முடிய அப்போது ஒரே மாதம்தான் எஞ்சியிருந்தது. தாங்கள் வரம்பு மீறிவிட்டதை அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவரே அவ்வாண்டு திசம்பரில் ஒப்புக்கொண்டார்.

"மென்பொருள் அவர்களுடையது, நாம் வைத்திருப்பது உரிமம் மட்டுமே" என்று சிலர் சட்டம் பேசுவர். உண்மைதான். உடன்படிக்கையில் அவ்வாறே எழுதியிருக்கிறது. ஆயர் தாவார் வட்டாரத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. லயத்து வீடு நிறுவனத்தினுடையது. கிராணி வந்து அடுத்த வரிசைக்கு மாறு என்றால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மாற வேண்டும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும் நம் தாத்தாமார்களை யாரும் கேட்கவில்லை. அங்கே வீடும் அவர்களுடையது, நிலமும் அவர்களுடையது. இங்கே கணினி என் சம்பளத்தில் வாங்கியது, மின்சாரம் என்னுடையது, இணையக் கட்டணம் நான் கட்டுவது, உள்ளிருக்கும் பயிற்சித்தாள்கள் நான் இரவு விழித்து உருவாக்கியவை. உரிமம் என்ற ஒரு சொல்லைக் காட்டி இவை அனைத்தையும் லயத்து வீடாக்கிவிட முடியுமா?

தமிழ் எழுதுவோருக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. விண்டோஸ் 2000 காலந்தொட்டு நமக்குப் பழகிய 'லதா' எழுத்துரு, விண்டோஸ் 10-இல் எல்லாருக்கும் இயல்பாக வருவதன்று; தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்னும் விருப்பத் தொகுப்பிற்குள் தள்ளப்பட்டுவிட்டது. கணினியின் மொழிப்பட்டியலில் தமிழ் இருந்தால் அது தானே வரும். முரசு அஞ்சலைக் கொண்டே தட்டச்சு செய்து, மொழிப்பட்டியல் பக்கமே போகாதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அத்தகையோர் லதாவில் அமைத்த கேள்வித்தாளைத் திறந்தால் வேறோர் எழுத்துரு வந்து அமரும். எழுத்து மறையாது, ஆனால் அகலம் மாறும், வரி உடையும், நான்காம் பக்கத்தில் முடிந்த கேள்வி ஐந்தாம் பக்கத்திற்குத் தாவும். தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு, மறுநாள் காலையில் தேர்வு என்றால், ஓர் இரவு.

இப்போது மறுதரப்பையும் சொல்ல வேண்டும். தானியங்கித் திருத்தங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 மார்ச்சு 14-இல் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியானது. அதை ஏற்காத கணினிகளைத்தான் மே 12-இல் 'வானாகிரை' என்னும் பணயத் தீநிரல் தாக்கியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தில் மருத்துவமனைகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரண்டு மாதம் முன்பே மருந்து கிடைத்தும் குடிக்கவில்லை! ஏன் குடிக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. ஆயினும், அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் மருந்துப் புட்டியில் விளம்பரத்தைக் கலந்து கொடுத்தவர்கள், அந்தக் காரணங்களுள் ஒன்றைத் தாமே உண்டாக்கினார்கள் என்பது என் உறுதியான கருத்து. இதற்காகத்தான் எனக்குச் சினம். வற்புறுத்தியதனால் வீணானது நேரமும் தரவும் மட்டுமல்ல. திருத்தம் என்ற சொல்லின் மீதிருந்த நம்பிக்கையும் போயிற்று.

2019 மே மாதப் பதிப்பில்தான், வீட்டுக் கணினிகளிலும் திருத்தங்களைச் சில வாரம் நிறுத்தி வைக்கவும், பதிப்பு மாற்றத்தைத் தனியே தேர்ந்து நிறுவவும் வழி செய்தார்கள். நான்காண்டு முணுமுணுப்பின் பயன் அது. பிறகு காட்சி தலைகீழானது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 போன்ற தகுதிகள் இல்லாத பழைய கணினிகளை ஏற்க மறுத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வா வா என்று கையைப் பிடித்து இழுத்தார்களே, அதே பழைய கணினிகளுக்குத்தான் இப்போது கதவடைப்பு.

ஆசிரியையின் கணினிக்கு வருகிறேன். அவர் கேட்டபடி நான் எல்லாவற்றையும் அடைக்கவில்லை. அமெரிக்கக் கணக்கில் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று (நமக்குப் பெரும்பாலும் புதன் விடியலில்) வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் திறந்தே வைத்தேன். பள்ளி நேரத்திலும் இரவு வேலை நேரத்திலும் தானாக அணைந்து எழாதபடி, செயல்படும் நேரத்தைப் பதினெட்டு மணியாக நீட்டினேன். கைப்பேசி வழி இணையத்தை அளவுள்ள இணைப்பு என்று குறித்தேன். தேர்வு வாரம் வந்தால் ஐந்து வாரம் வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும் பொத்தானையும் காட்டினேன்.

"இனி நான் தொட்டால் ஒழியப் பதிப்பு மாறாது அல்லவா, ஐயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல நா எழவில்லை. இருக்கும் பதிப்பின் ஆதரவுக் காலம் முடியும் தறுவாயில் அடுத்தது தானாகவே தொடங்கும் என்பது இன்றும் அவர்கள் வகுத்துள்ள விதி. அதையும் சொன்னேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பையிலிருந்து விரலியை எடுத்துச் செருகி, நான்காம் ஆண்டுக் கேள்வித்தாள்களை ஒவ்வொன்றாகப் படியெடுக்கத் தொடங்கினார்.