எட்டாம் வகுப்பும் டாக்ஸியும்

டாக்ஸி ஓட்டப் புதிதாக லைசென்ஸ் கேட்பவன் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விதி இருந்தது. 2019-இல் அதை நீக்கினார்கள். நீக்கியது தவறு, படிப்பில்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தால் விபத்துதான் பெருகும் என்று வாதாடுகிறார் என் நண்பர் ஒருவர்.

அந்த விதிக்கு அடியிலேயே ஒரு விலக்கும் இருந்ததை அவர் அறியார். பழைய லைசென்ஸைப் புதுப்பிக்க வருகிறவனுக்குப் படிப்பு வேண்டியதில்லை! எழுத்தறியாமை அத்தனை பெரிய அபாயமென்றால் பழையவன் கையிலிருந்த ஸ்டியரிங்கை ஏன் பிடுங்கவில்லை? சாலைக் குறிகளைப் படிக்க வேண்டாமா என்கிறார். வளைவுக்கு வளைந்த அம்பு, பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளின் உருவம். அவற்றைப் படமாகப் போட்டதே எழுத்தறியாதவனுக்கும் விளங்கத்தானே ஐயா! (நானும் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன்தான். நாவல் எழுத வந்தபோது என்னிடம் எவரும் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தமிழ் பிழைத்திருக்கும் என்பவர்களும் உண்டு.)

எங்கள் தெருவில் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு லாரிக்குக் கிளீனராகப் போனவர். பிறகு ஒரு வீட்டுக் காரை இருபது வருஷம் ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. 2011-இல் முதலாளி காரை விற்றுவிட்டார். டாக்ஸி ஓட்டலாமென்று பேட்ஜ் வாங்கப் புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"எட்டாவது டி.சி. எங்கே?"

ஓட்டிக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நின்ற புரோக்கர்தான் அன்போடு விசாரித்தான். நாலு நாளில் டி.சி. தயார் பண்ணித் தருவதாகச் சொன்னான்.

"திருட்டுக் காகிதத்தை வச்சுத் தொழில் தொடங்கறதா, சார்?" என்று இவர் திரும்பிவிட்டார். ஒரு பங்களா வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். காகிதம் வாங்கியவர்கள் டாக்ஸி ஓட்டினார்கள். பொய் சொல்லக் கூசியவனைப் பொறுக்கியெடுத்து வெளியே தள்ளிய விதி அது!

2017-இல், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிக்குச் சாதாரணக் கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை அவருக்குச் சொல்ல ஆளில்லை; எனக்கே தெரியாது. 2019-இல் எட்டாம் வகுப்பும் ஒழிந்த சேதியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ஓடினேன். அவருடைய கார் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய வருஷம் அது. நாற்பதைத் தாண்டியவராகையால் வைத்தியச் சான்று வேண்டும். சர்க்கரை வியாதி அவர் கண்ணைப் பாதி தின்றிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

டாக்டர்மேல் அவருக்குக் கோபமில்லை.

"கண்ணைக் கேட்டாங்க, அது நியாயம் சார். அன்னிக்கும் அதையே கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.