ஒரே நாள்ல நார்த் யார்க் மூர்ஸா? முதல்ல விட்பியை வெட்டுங்க!

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பிச்சார். ஊர்லேருந்து அப்பா அம்மா வர்றாங்க, ஆகஸ்ட் கடைசியில ஒரு சனிக்கிழமை லீட்ஸ்லேருந்து கார்ல நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவைச் சுத்திக் காட்டணும். ஹெல்ம்ஸ்லி, ரீவோ மடாலயம், சட்டன் பேங்க், பிக்கரிங், ஹோல் ஆஃப் ஹார்கம், கோத்லாண்ட், விட்பி, ராபின் ஹூட்ஸ் பே, ஸ்டெய்த்ஸ். மொத்தம் ஒன்பது இடம். கடைசியில ஒரு கேள்வி: "இதுல ஏதாவது விட்டுப்போச்சா?"

ஒண்ணும் விட்டுப்போகலை சாமி, அதான் பிரச்சினையே!

இது அவருக்கு மட்டும் சொல்ற பதில் இல்லை. இங்க இருக்கற நம்ம மக்கள் பாதிப்பேர் இப்படித்தான் ப்ளான் போடறாங்க. ஒரு நாள் டூருக்கு ப்ளான் போடறதுன்னா இடம் சேர்க்கறது இல்லைங்க, வெட்டறது. இதான் என் கட்சி.

முதல்ல கணக்கு. காலை 8 மணிக்குக் கிளம்பி ராத்திரி 8 மணிக்குத் திரும்பினா 12 மணி நேரம். லீட்ஸ்லேருந்து பிக்கரிங் ஏறக்குறைய 55 மைல். அங்கேருந்து மூர் வழியா கடற்கரைக்குப் போய்த் திரும்பி வர்றதுன்னா எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் ஸ்டியரிங்லயே போயிடும். சாப்பாடு, பாத்ரூம், பார்க்கிங் தேடறதுக்கு ஒன்றரை மணி. மிச்சம் ஆறு. ஒன்பது இடம்னா ஒரு இடத்துக்கு 40 நிமிஷம். முட்டிவலி உள்ள ஒருத்தர் கார்லேருந்து இறங்கி, ஸ்வெட்டர் போட்டு, நாலு எட்டு நடந்து, திரும்ப ஏறவே அது சரியாயிருக்கும். மூணு இடம்னா ரெண்டு ரெண்டு மணி நேரம். அவ்ளோதான் விஷயம்.

அடுத்தது, தேசியப் பூங்கான்னதும் முதுமலை மாதிரி ஒரு கேட், டிக்கெட், ஜீப், யானைன்னு ஊர்ல இருக்கறவங்க நினைச்சுக்குவாங்க. இங்க கேட்டும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. 1949ல போட்ட சட்டத்தால 1952ல அறிவிக்கப்பட்ட பூங்கா இது. சுமார் 1,436 சதுர கிலோமீட்டர். உள்ளே ஊர் இருக்கு, பண்ணை இருக்கு, நிலத்துல பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். "எதைப் பாக்கணும்?"னு கேட்டா ஒரு பொருளைக் கைகாட்ட முடியாது. அந்த வெட்டவெளிதான் காட்சி. மரமில்லாத மேட்டுநிலம், அது முழுக்க ஹெதர் செடி. ஆகஸ்ட்ல பூத்தா மலை மொத்தமும் ஊதா. நம்ம குறிஞ்சிக்கு 12 வருஷம் காத்திருக்கணும், இது வருஷா வருஷம் பூக்கும். இன்னொண்ணு, இது இயற்கையா அப்படியே இருக்கற இடமும் இல்லை. வெண்கலக் காலத்துலயே காட்டை அழிக்க ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப ஆடு மேயறதாலயும், க்ரௌஸ் பறவை வேட்டைக்காக ஹெதரை முறை வைச்சு எரிக்கறதாலயும்தான் மரம் வளராம இருக்கு. இதையெல்லாம் 60 மைல் வேகத்துல ஜன்னல் வழியா பார்த்தா வெறும் புதர்க்காடுதான் தெரியும்.

சரி, எதை வெட்டறது? முதல் வெட்டு விட்பிக்கு. திட்டாதீங்க மக்களே! விட்பி நல்ல ஊர்தான். இடிஞ்ச மடாலயம், 199 படி, டிராகுலா நாவல்ல வர்ற துறைமுகம், கேப்டன் குக் கப்பல் வேலை கத்துக்கிட்ட இடம், எல்லாம் உண்மை. ஆனா அதுக்கே ஒரு முழு நாள் வேணும். கோடைச் சனிக்கிழமையில பார்க்கிங் தேடியே ஒரு மணி நேரம் போயிடும். இன்னொரு வேடிக்கை என்னன்னா, விட்பி டவுன் பூங்காவோட எல்லைக்குள்ளயே வராது! பூங்காவைப் பாக்கக் கிளம்பிட்டு நாளைத் தூக்கி வெளியில இருக்கற ஊருக்குக் குடுப்பாங்களா?

ரெண்டாவது வெட்டு ரீவோ, ஹெல்ம்ஸ்லி, சட்டன் பேங்க். மூணும் பூங்காவோட தென்மேற்கு மூலை. 1132ல ஆரம்பிச்ச மடாலயத்தை அரை மணியில பாக்கறது அதுக்கே அவமரியாதை. தனியா இன்னொரு நாள் வைச்சுக்கங்க. ஸ்டெய்த்ஸ் விட்பிக்கும் வடக்கே இருக்கு, அதுவும் அவுட். பிக்கரிங் போற வழிதான், காபி குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்.

மிச்சம் மூணு. ஹோல் ஆஃப் ஹார்கம், கோத்லாண்ட், ராபின் ஹூட்ஸ் பே.

ஹார்கம் ஏ169 ரோட்டு மேலயே இருக்கு. ரோட்டைத் தாண்டினா கண்ணு முன்னாடி 120 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரிய கிண்ணம். வேட்ங்கற ராட்சசன் பொண்டாட்டி மேல எறிய மண்ணை அள்ளின இடம்னு கதை (குறி தப்பிடுச்சாம், அந்தம்மா பிழைச்சாங்க!). நிஜத்துல ஊத்துத் தண்ணி அடியில அரிச்சு அரிச்சுப் பண்ண வேலை. வயசானவங்க அதிகம் நடக்கவே வேணாம், விளிம்புல நின்னாலே போதும்.

கோத்லாண்ட்ல புல்தரையில ஆடுங்க இஷ்டத்துக்குச் சுத்தும், புளியோதரைப் பொட்டலம் பத்திரம். ரயில்வே ஸ்டேஷன்தான் முதல் ஹாரி பாட்டர் படத்துல ஹாக்ஸ்மீட். 1965ல மூடின லைனை ஆர்வலர்கள் சேர்ந்து வாங்கி 1973ல திரும்ப ஓட விட்டாங்க. பிக்கரிங்லேருந்து க்ரோஸ்மாண்ட் வரைக்கும் 18 மைல். ஆனா அதுல போய்த் திரும்பினா அரைநாள் காலி. நீராவி ரயில் ஒண்ணு ஸ்டேஷனுக்குள்ள நுழையறதைப் பாருங்க, போதும். மழையில்லாம காய்ஞ்சு கிடந்தா தீப்பிடிக்கும்னு டீசல் இன்ஜினைப் போட்டுடுவாங்க, கிளம்பும் முன்னாடி அதையும் பார்த்துக்கங்க.

மூணாவதுதான் முக்கியம். ராபின் ஹூட்ஸ் பேல நேரம் நம்ம கையில இல்லை, கடல் கையில இருக்கு. ஓதம் ஏறினா தண்ணி ஊர் வாசப்படி வரைக்கும் வந்துடும், மணலே இருக்காது. இறங்கினா பாறைத்தளம் நீளத்துக்கு வெளிய வரும், குழிகள்ல நண்டு, கல்லுல அம்மோனைட் தடம். தினமும் ஓதம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் ஜாஸ்தி. அதனால எக்ஸெல்லைத் திறக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு ஓதம் இறங்கற நேரத்தைப் பாருங்க. மத்தியானம்னா மூர் முதல்ல, காலையிலன்னா கடல் முதல்ல. தண்ணி ஏறும்போது மலைச்சரிவு அடியில கரையோரமா நடக்காதீங்க, மாட்டிக்குவீங்க. இது விளையாட்டில்லை.

அந்த ஊர்ல கார் பார்க்கிங் மேல, கடல் கீழே. நடுவுல செங்குத்தான இறக்கம். இறங்கிடலாம், ஏறணுமே! முட்டி ஒத்துழைக்காதுன்னா அதையும் வெட்டிட்டு, வளைகுடாவோட தென்கோடியில இருக்கற ரேவன்ஸ்கார் போயிடுங்க. மேல நின்னா முழு வளைகுடாவும் தெரியும். 1890கள்ல அங்க பெரிய கடற்கரை நகரம் கட்டறோம்னு ஒரு கம்பெனி ரோடெல்லாம் போட்டு மனை வித்தது. வீடு வந்தது கொஞ்சம்தான், கம்பெனி திவால். அந்த ரோடுங்க சில இன்னும் புல்லுக்கு நடுவுல இருக்கு. அளவுக்கு மீறி ப்ளான் போடறவங்க எல்லாரும் ஒருதரம் போய்ப் பாக்க வேண்டிய இடம் :-)

இதுல எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம பெத்தவங்க "எனக்கு முடியலைப்பா"ன்னு சொல்ல மாட்டாங்க. பிள்ளை லீவு போட்டு, பெட்ரோல் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கான், அவன் முகம் வாடக்கூடாதுன்னு ஏழாவது இடத்துலயும் இறங்கி சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நிப்பாங்க. திரும்ப வருவாங்களா, உடம்பு விடுமா, யாருக்குத் தெரியும். அந்தப் பதட்டத்துலதான் நாம எல்லாத்தையும் காட்டிடப் பாக்கறோம். எனக்குப் புரியுது. ஆனா வந்தவங்களுக்கு வேண்டியது ஒன்பது ஊர் இல்லைங்க. ஒரு பெஞ்சு, ப்ளாஸ்க்ல காபி, பக்கத்துல ஃபோனைப் பாக்காம உக்காந்திருக்கற பிள்ளை. ஹார்கம் விளிம்புல அது மூணுமே கிடைக்கும். (மூர் மேல பல இடத்துல சிக்னலும் வராது, அதுவும் ஒரு வசதி.)

டிஸ்கி: விட்பிவாசிகள் அடிக்க வரலாம், ஹெல்மெட் ரெடி. ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க லிஸ்ட்ல எதை வெட்டுவீங்கன்னு சொல்லிட்டுத் திட்டுங்க!