ஆட்டுக்குப் பசிக்கலை சார்

ரெண்டு மாசமா இங்கே ஒண்ணும் எழுதவில்லை. மக்காச்சோள அறுவடை, அது முடிந்ததும் வெங்காயம் என்று வேலை சரியாக இருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுதலாமா வேண்டாமா என்று ஒரு விஷயம் மனசுக்குள்ளேயே கிடந்தது. எழுதினால் ஒரு குடும்பத்துக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும். ரெண்டு மாசம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

பொங்கல் லீவில் எங்கள் கொல்லைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். உங்களுக்கெல்லாம் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்பக்கம். எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் கொல்லை என்றால் மானாவாரி நிலம். சென்னையிலிருந்து ரெண்டு கார். தெரிந்தவர் ஒருவரின் ஆபீஸ் நண்பர்கள். பெரியவர்கள் அஞ்சு பேர், பிள்ளைகள் நாலு. "பசங்க ஆடு மாடெல்லாம் மொபைல்ல மட்டும்தான் சார் பாத்திருக்காங்க, ஒருநாள் நேர்ல காட்டணும்" என்று சொல்லியிருந்தார்கள். நல்ல விஷயம்தானே. என் வீட்டம்மா காலையிலேயே கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் கோலம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

வந்து இறங்கியதுமே பை நிறைய பிரெட், பிஸ்கட். வழியில் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம் மிச்சம் வேறு. பிள்ளைகள் நீட்ட நீட்ட ஆடு வாங்கிச் சாப்பிட்டது. சாப்பிடத்தான் செய்யும், ஆட்டுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. நான் ரெண்டு தடவை சொன்னேன், "ஆட்டுக்குப் பசிக்கலை சார், இப்பதான் மேய்ஞ்சிட்டு வந்துச்சு" என்று. "ஒண்ணே ஒண்ணு அங்கிள்" என்றது ஒரு குழந்தை. அதுக்கு மேல் நான் என்ன சொல்ல? விருந்தாளி. அவர்களுக்கு இளநீர் வெட்ட நான் அந்தப் பக்கம் போன நேரத்தில், கோழிக்கு வைத்திருந்த மக்காச்சோள மூட்டையைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அரை வாளி மக்காச்சோளம் ஆட்டுக்கு முன்னால் இருக்கிறது, பெரியவர்கள் சுற்றி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது.

அது சினை ஆடு. நாலு மாசம்.

ராத்திரியே வயிறு உப்பிக்கொண்டது. அசை போடவில்லை, பல்லை நறநற என்று கடித்துக்கொண்டு நின்றது. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம். காலையில் கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார், அவரால் முடிந்ததைச் செய்தார். மறுநாள் சாயந்திரம் செத்துப்போனது. வயிற்றில் ரெண்டு குட்டி. புதைத்துவிட்டுக் கை கால் கழுவி வந்து போனை எடுத்தால், "பசங்க செம என்ஜாய் பண்ணாங்க சார், தேங்க்ஸ்" என்று மெசேஜ், கூடவே பதினேழு போட்டோ. அதில் அந்த ஆடு ஒன்பதில் இருக்கிறது.

அவர்களிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அந்தக் குழந்தையிடம் சொல்லவே வேண்டாம், அதுக்கு அஞ்சு வயசு. ஆனால் அஞ்சு பெரியவர்கள் இருந்தார்களே.

ஏன் செத்தது என்று கேட்பீர்கள். ஆடு மாட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லையும் தழையையும் செரிக்க வைப்பது அவைதான். பழக்கமில்லாமல் ஒரேயடியாகச் சோறு, பிரெட், தானியம் என்று மாவுச்சத்து இறங்கினால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும். வயிறு அசைவதை நிறுத்திவிடும். அமிலம் ரத்தத்தில் ஏறினால் முடிந்தது. இது ஒன்றும் அபூர்வமான நோய் இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், படையல் பொங்கலை அன்பாக அள்ளி ஊட்டி வயிறு உப்பிய மாடு நாலாவது நிற்கும். அந்தத் தப்பை நாங்களும் செய்கிறோம், ஒளிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் ஓணானைக் கல்லால் அடிப்பதையும் நான் ஒளிக்கப் போவதில்லை. கிராமத்தான் எல்லாம் ஜீவகாருண்ய சீலன் என்று எவனாவது எழுதினால் நம்பாதீர்கள்.

ஆனால் என் கோபம் சோற்றின் மேலோ மக்காச்சோளத்தின் மேலோ இல்லை. ஆடு என்றால் தொட வேண்டும், ஊட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாலு வயசுப் பிள்ளை முதல் தடவையாக ஒரு மாட்டைப் பார்த்தால் என்ன செய்யும் தெரியுமா? சும்மா நிற்கும். வாயைத் திறந்துகொண்டு அது பாட்டுக்குப் பார்க்கும். நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து குரல் வரும், "தொடுடா, பயப்படாத, தொடு, இங்க பாரு, சிரி!" அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது அதோடு சரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வண்டலூர் போகிறீர்கள். அங்கே கூண்டில் இருக்கும் புலிக்கும் மானுக்கும் தீனி போடக்கூடாது, சீண்டக்கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 38ஜே பிரிவு. போர்டு வைத்திருப்பார்கள், நீங்களும் படித்துவிட்டுப் பேசாமல் வருகிறீர்கள். எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய கல்மரம் ஒன்று கிடக்கிறது, பதினெட்டு மீட்டர் நீளம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் கண்டுபிடித்தது. கல்லாய்ப் போன அந்த மரத்தைச் சுற்றிக்கூட வேலி போட்டிருக்கிறார்கள். என் ஆட்டுக்குத்தான் வேலியும் இல்லை, போர்டும் இல்லை. வளர்க்கிற மிருகம்தானே, என்ன வேணும்னாலும் பண்ணலாம் என்று ஒரு நினைப்பு.

அன்றைக்கே நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பையன் ஒருவன், ஒன்பது வயசு இருக்கும், நல்ல சூட்டிகையானவன். கெடாக்குட்டியைத் தடவிக்கொண்டே கேட்டான், "அங்கிள், இது பெருசானா என்ன பண்ணுவீங்க?" நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவன் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். "அங்கிள் அதைப் பெட்டா வச்சுப்பாங்கடா" என்கிறார். மதியம் அதே வாசலில் உட்கார்ந்து மட்டன் குழம்பு சாப்பிட்டவர் அவர். எனக்குப் பொய் வரவில்லை. "சந்தைக்கு ஓட்டிட்டுப் போய் வித்துடுவோம் தம்பி. கறிக்குத்தான் வாங்குவாங்க. அந்தப் பணத்துலதான் எங்க பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினேன்" என்றேன்.

பையன் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இருபத்தஞ்சு வருஷமாக ஆடு வளர்க்கிறேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. "தெரியாதுப்பா, அதனாலதான் இருக்கிற வரைக்கும் நல்லா வச்சுக்கணும்" என்று சொன்னேன். அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தை மனசைக் கெடுத்துவிட்டேனாம். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பதிலைத் தாங்கத் தெரியாதா?

அடுத்து, கை கழுவுவது. இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, எங்கள் இடத்தை நானே அசுத்தம் என்று சொல்கிற மாதிரி. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். 2009-ல் இங்கிலாந்தில் சர்ரே என்ற பகுதியில், பிள்ளைகள் மிருகங்களைத் தொட்டு விளையாடும் காட்ஸ்டோன் என்ற பண்ணைக்குப் போனவர்களில் 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற கிருமி தொற்றியது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகமே பாதித்தது. அந்தக் கிருமி ஆடு மாட்டின் குடலில் சும்மா குடியிருக்கும், அதுகளுக்கு ஒரு நோவும் வராது. பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும் குட்டியின் மயிரிலும் சாணம் ஒட்டியிருக்கும். தொட்ட கையை வாயில் வைத்தால் தீர்ந்தது. நீங்கள் பையில் வைத்திருக்கும் சானிடைசர் இதுக்குப் போதாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு ஊட்டிய அதே கையால் பிள்ளை சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறது, நீங்கள் ஃப்ரேம் பார்க்கிறீர்கள். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிக்க வைத்து வீடியோ எடுப்பதும் அப்படித்தான். நாங்களே காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

இது எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு அதே செருப்போடு போனால் கோழிக்கு வெள்ளைக்கழிச்சலும் மாட்டுக்குக் கோமாரியும் உங்கள் காலிலேயே வந்து இறங்கும். 2013-ல் தமிழ்நாட்டில் கோமாரி வந்தபோது எத்தனை கட்டுத்தறி காலியானது என்பது எங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் ஒருத்தர் என்னிடம் ஒரு யோசனையோடு வந்தார். திருச்சி-சென்னை நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் நிலம் இருக்கே, ஃபேமிலி ஃபார்ம் மாதிரி போட்டுடலாம் என்றார். நாலு முயல் கூண்டு, ஒரு குட்டிக் குதிரை, கலர்க் கோழிக்குஞ்சு, ஒரு கிளிக்கூண்டு, தலைக்கு இவ்வளவு டிக்கெட். தீனி பாக்கெட் தனியாக விற்கலாமாம். "அதுலதான் சார் லாபமே." பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கேட்டார். நான் உடனே முடியாது என்று சொல்லிவிடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மக்காச்சோளத்தில் படைப்புழு ஒரு வருஷம், மழை இல்லாமல் ஒரு வருஷம், விலை இல்லாமல் ஒரு வருஷம் என்று போகிறவனுக்கு மாசாமாசம் வருமானம் என்றால் சபலம் வரத்தான் செய்யும். ஒரு வாரம் யோசித்தேன். கணக்கு எல்லாம் சரியாகத்தான் வந்தது. காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் நூறு கை மாறி மாறித் தூக்கும் முயல்குட்டி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். "அது செத்தா வேற வாங்கிக்கலாம் சார்" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன்.

விவசாயிக்கு இதிலே வருமானம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் 2020-லேயே வேளாண் சுற்றுலாவுக்கு என்று அரசு கொள்கை கொண்டுவந்துவிட்டது. பண்ணையில் தங்க வைத்து, சோறு போட்டு, காடு கழனியைச் சுற்றிக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். விவசாயத்தைக் காட்டிச் சம்பாதிக்கலாம். விவசாயம் மாதிரி வேஷம் கட்டிய ஒரு கூண்டைக் காட்டி வாங்கும் காசுதான் எனக்கு ஒட்டவில்லை.

பிள்ளைகளுக்கு என்னதான் காட்டுவது என்று கேட்கிறீர்களா? மார்கழி, தையில் கரைவெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அரியலூர் மாவட்டம், சுமார் 450 ஹெக்டேர் ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து நிறைகிறது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் இடம். ஒரு பறவையையும் தொட முடியாது, ஊட்ட முடியாது, கிட்டத்தில் போகவே முடியாது. கரையில் நின்று பார்க்கத்தான் வேண்டும். எங்கள் பாப்பா சின்னதாக இருக்கும்போது கூட்டிப்போனேன். முதல் பத்து நிமிஷம் "போலாம்பா, போரடிக்குது" என்றது. அப்புறம் ஒரு நீர்க்காகம் முங்கியது. எங்கே எழும்பும் என்று இது ஒரு இடத்தைக் காட்டுகிறது, அது வேறெங்கோ எழும்புகிறது. வெயில் ஏறுகிறவரைக்கும் அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. போட்டோவில் பார்த்தால் தண்ணீரும் நாலு கறுப்புப் புள்ளியும்தான். யாருக்கும் அனுப்ப முடியாது.

எங்கள் கொல்லைக்கும் வாங்க. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் வீட்டம்மாவும் விடமாட்டார். ஆனால் ரெண்டு மணி நேரத்துக்கு வராதீர்கள், ஒரு நாள் முழுசாக வாங்க. காலையில் ஆடு ஓட்டிப் போகும்போது பிள்ளையும் கூட நடக்கட்டும், கால் வலிக்கட்டும். வெங்காயப் பட்டறை பிரிக்கும் நாளாக இருந்தால் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கட்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பினால், மாடு வந்து குடிக்கும்போது தள்ளி நின்று பார்க்கலாம். தீனி நாங்கள்தான் போடுவோம். தீனிப்பை காரிலேயே இருக்கட்டும். மோட்டார்க் கொட்டகைப் பக்கம் குழாய் இருக்கிறது, சோப்பும் வைத்திருக்கிறேன். பிள்ளை என்ன கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன், பிடிக்காதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செத்துப்போன ஆட்டின் தங்கச்சி ஒன்று இப்போது சினையாக இருக்கிறது. சித்திரைக் கடைசியில் ஈனும் என்று நினைக்கிறேன். அப்போது வேண்டாம். குட்டிகள் ஒரு மாசம் தாய்கிட்டக் குடித்து, கால் ஊன்றித் துள்ளட்டும். அதுக்கப்புறம் போன் பண்ணிட்டு வாங்க.