வழி சொல்லாத ஆற்றுப்படைகள்

பெங்களூரில் மனநல ஆலோசகரை இணையத்தில் தேடுபவர் முதலில் சந்திப்பது ஆலோசகரை அல்ல, அவரைப் பற்றிய ஒரு பத்தியை. ஒரு நிழற்படம், சில பட்டங்கள், நூறு நூற்றைம்பது சொற்கள். இந்திராநகரிலோ ஜெயநகரிலோ உள்ள ஓர் அறைக்குள் ஒருவர் நுழைவாரா மாட்டாரா என்பதை அச்சொற்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அந்தப் பத்தி மிக மோசமாக எழுதப்படுகிறது. அதைச் சீர்செய்யும் பெயரில் கற்றுத்தரப்படும் விற்பனை உத்திகள் அதை மேலும் மோசமாக்குகின்றன.

அப்பத்திகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முதலில் 'பாதுகாப்பான வெளி', 'தீர்ப்பிடாத அணுகுமுறை', 'உங்கள் பயணத்தில் உடன் நடப்பேன்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர்கள். அடுத்து சிபிடி, டிபிடி, ஏசிடி, இஎம்டிஆர் என எழுத்துச் சுருக்கங்களின் அணிவகுப்பு. இறுதியில் பதற்றம் முதல் மணமுறிவு வரை இருபது இன்னல்களின் பட்டியல். பெயரையும் படத்தையும் மாற்றி ஒட்டினாலும் எவரும் கண்டுகொள்ளமாட்டார்.

மொழியியலாளர் நன்கறிந்த ஒரு கருவி இங்கே பயன்படும். பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில், உரையாடுவோர் ஒருவரிடமிருந்து ஒருவர் எதிர்பார்ப்பவற்றை நான்காக வகுத்தார்: போதிய அளவு, உண்மை, தொடர்பு, தெளிவு. இவற்றுள் ஒன்று மீறப்பட்டால் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. சொல்லப்படாத பொருளைத் தேடத் தொடங்குகிறார். ஓர் ஊசி போடும் அறையின் வாசலில் 'இங்கு ஒருவருக்குப் போட்ட ஊசி மற்றவருக்குப் போடப்படாது' என்று எழுதிவைத்தால் நோயாளிக்கு நிம்மதி வராது, ஐயமே வரும். 'தீர்ப்பிடமாட்டேன்' என்பதும் அத்தகைய அறிவிப்பே. தீர்ப்பிடுவேன் என்று எந்த ஆலோசகரும் எழுதப்போவதில்லை. எதிர்மறை இயலாத வாக்கியம் செய்தி எதையும் தருவதில்லை. எழுத்துச் சுருக்கங்களோ தெளிவு என்னும் எதிர்பார்ப்பையே முறிக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்பவர் சக ஆலோசகர் மட்டுமே; அவர் வாடிக்கையாளராக வரப்போவதில்லை.

இக்குறைக்கு விற்பனைப் பயிற்சியாளர்கள் தரும் மருந்து வேறு வகையானது. உங்கள் 'இலட்சிய வாடிக்கையாளரை' மனக்கண்ணில் நிறுத்துங்கள். அவருடைய வலியை அவர் சொல்வதற்கு முன்பே சொல்லுங்கள். பிறகு நம்பிக்கையை ஊட்டுங்கள். உடனே அழைப்புப் பொத்தானை வையுங்கள் என்கிறார்கள். தலைமுடித் தைலம் விற்பதற்கு இந்த வரிசை பொருந்தும். இரவு இரண்டு மணிக்கு உறக்கமின்றிக் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பவரிடம் அவர் வலியையே தூண்டிலாக நீட்டுவது தொழில் நேர்மை ஆகாது. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், விளம்பரத்தின் வழியே நோயாளிகளைத் தம்பால் ஈர்ப்பதை மருத்துவர்களுக்கு விலக்குகின்றன. மனநல மருத்துவர் அவ்விதிக்குக் கட்டுப்பட்டவர். அதே பக்கத்தில், அடுத்த சதுரத்தில் இருக்கும் ஆலோசகரை அவ்விதி தொடுவதில்லை.

அந்தச் சதுரங்களின் சமத்துவமே பெரிய சிக்கல். மனநல மருத்துவர் மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டியவர். ஆலோசனை உளவியலாளரும் ஆலோசகரும் நீண்ட காலம் எந்தத் தேசியப் பதிவேட்டிலும் இடம்பெறாமல் இருந்தவர்கள். 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநல மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டமே அத்தகைய பிரிவினரைக் கணக்கில் எடுத்தது. இவர்கள் அனைவருக்கும் இணையப் பட்டியலில் ஒரே அளவுச் சதுரம், ஒரே 'தெரபிஸ்ட்' என்னும் சொல். முதுகலை முடித்து, மேற்பார்வையில் பல ஆண்டு பணியாற்றியவரும் வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அச்சொல்லின் நிழலில் ஒன்றாகிவிடுகின்றனர். ஆதலால் பத்தியின் முதல் வாக்கியம் 'பாதுகாப்பான வெளி' பற்றியதாக இருக்கக்கூடாது. எங்கே, என்ன பயின்றார், எதில் பதிவு பெற்றார், மருந்து எழுதுவாரா மாட்டாரா என்பதாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது மொழி. 'ஆங்கிலம், இந்தி, கன்னடம், தமிழ்' என்று ஒரு வரி இப்பத்திகள் பலவற்றில் உண்டு. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், பிரேசர் டவுன் எனத் தமிழ் தலைமுறைகளாக வேர்விட்ட நகரம் இது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தொடங்கப்பட்டது. 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின் கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பங்கள் பல வேலைக்காக நாள்தோறும் இரயிலேறி வருவதும் இந்நகருக்கே. இவர்களுக்கு அந்த வரியிலுள்ள 'தமிழ்' எதை உறுதியளிக்கிறது? ஆட்டோ ஓட்டுநரிடம் வழி கேட்கும் தமிழும், இறந்த பிள்ளையைப் பற்றி ஒரு தாய் பேசும்போது உடனிருக்கும் தமிழும் ஒன்றல்ல. உளவியல் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. கலைச்சொற்களும் ஆங்கிலத்திலேயே மனத்தில் படிகின்றன. 'ஆங்சைட்டி' என்பதற்குப் 'பதற்றம்' என்று அகராதி சொல்லும். வருபவரோ நெஞ்சு படபடக்கிறது, கைகால் ஓய்கிறது, சோறு இறங்கவில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார். இவற்றைக் கேட்கத் தெரியுமா என்பதற்குத் தேர்வுக்குறி சான்றாகாது. தமிழில் எழுதப்பட்ட நான்கு வாக்கியங்கள் சான்றாகலாம். தமிழ் தெரியும் என்று பறைசாற்றும் பத்தியில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாதது வெறும் கவனக்குறைவு அன்று. யார் வரவேண்டும் என்பது குறித்த மௌனமான தேர்வு அது.

தமிழில் எழுத முயன்றால் வேறொரு நன்மையும் கிட்டும். ஆங்கிலத்தின் 'வீ' யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்பதைச் சொல்லாமலே நழுவிவிடும். தமிழில் எழுதுபவர் 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். 'நாங்கள் உங்கள் சிக்கலை ஆராய்வோம்' என்றால் வந்தவர் ஆராய்ச்சிப் பொருள். 'நாம் பேசிப் பார்ப்போம்' என்றால் அவரும் பங்காளி. ஆங்கிலப் பத்திகளில் பெயர்ச்சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளும் செயல்கள் தமிழில் வினைமுற்றாக வெளிவரும்போது, யார் என்ன செய்வார் என்பதும் உடன்வெளிப்படும்.

தமிழுக்கு இத்துறையில் சொல் இல்லாமலும் இல்லை. இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்கின்றனர். தமிழ்நாட்டில் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் பணியிடங்களில் 'ஆற்றுப்படுத்துநர்' என்னும் பெயர் வழங்குகிறது. இப்பெயரின் பின்னே ஓர் இலக்கிய வகையே நிற்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனை வள்ளலிடம் செல்லும் வழியில் நிறுத்துவது அதன் அமைப்பு. அங்கே வள்ளலின் புகழ் உண்டு. ஆனால் புகழ் மட்டும் இல்லை. எந்த நிலம் முதலில் வரும், யார் உணவு தருவார், மலைவழியில் எங்கே எச்சரிக்கை வேண்டும், வாயிலில் என்ன நிகழும் என்பனவும் உண்டு. மலைபடுகடாம் இவ்வழிச் செய்திகளுக்கே பெரும்பகுதியை ஒதுக்குகிறது. இன்றைய இணையப் பத்தி புகழை வைத்துக்கொண்டு வழியைக் கைவிட்டது. போதாக்குறைக்குப் புகழ்பவரும் வள்ளலே.

சென்று மீண்டவர் பேசட்டுமே என்று வாடிக்கையாளர் பாராட்டுகளை அடுக்குவதும் தீர்வாகாது. சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்பதை அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை தடுக்கிறது. அறையில் இருவருக்கும் உள்ள அதிகார வேறுபாட்டில், கேட்கப்படும் பாராட்டு விருப்பப்படி தரப்பட்டதாக ஆகாது. இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சைத் தகவல்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. மீண்டவர் பேச இயலாத இடத்தில், வழி சொல்லும் கடமை ஆலோசகர் தலையிலேயே விழுகிறது. அக்கடமையை நிறைவேற்றும் பத்தி இவ்வாறு அமையலாம்:

'ஆலோசனை உளவியலில் முதுகலை பயின்று, ஆறு ஆண்டுகளாக இப்பணியில் இருக்கிறேன். மருந்து எழுதுவதில்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரலாம். முதல் மாடி, மின்தூக்கி இல்லை. ஒரு சந்திப்பு 50 நிமிடம், கட்டணம் 1200 ரூபாய். வாரத்தில் இரண்டு இடங்கள் 400 ரூபாய்க்கு. முதல் நாள் என்ன நடந்தது என்று முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவையோ அக்காவையோ அழைத்து வரலாம். அவர்கள் வெளியே அமர நாற்காலி உண்டு. நீங்கள் சொல்வதை உங்கள் வீட்டாரிடம் சொல்லமாட்டேன். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் விலக்கு, அதையும் முதலில் உங்களிடம் பேச முயல்வேன். குடிப்பழக்கச் சிகிச்சை எனக்குத் தெரியாது. இரவில் அவசரமெனில் 14416.'

இதில் உரிச்சொல் அலங்காரம் இல்லை. எனினும் ஒரு பெண் தன் தாய்க்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். தாய் படித்துவிட்டு, படியேற முடியுமா என்று யோசிக்கலாம். மேற்சொன்ன எண் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையினுடையது. அதன் தலைமை மையம் இதே பெங்களூரின் நிம்ஹான்ஸ். அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்துகொள்ள அங்கே வழி இருக்கிறது. அரசின் தொலைபேசி செய்யும் அடிப்படை மரியாதையைத் தனியார் பத்தி செய்யக்கூடாதா?

மூன்று மறுப்புகள் எழும். இணையத்தில் தேடுவோருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது முதலாவது. தேடுபவருக்குத் தெரியலாம், யாருக்காகத் தேடுகிறாரோ அவருக்கும் தெரியும் என்பது என்ன உறுதி? கட்டணத்தையும் வரம்பையும் எழுதினால் ஆட்கள் குறைவர் என்பது இரண்டாவது. குறையட்டும். கட்டணம் கட்டுபடியாகாதவரும் தமக்குப் பொருந்தாத துறையை நாடி வந்தவரும் முதல் சந்திப்போடு நின்றுவிடுவர். அதனால் ஆலோசகருக்கும் நிலையான வருவாய் இல்லை. பெங்களூரின் வாடகையைக் கொடுத்துத் தொழில் நடத்துவோர் பிழைக்க வேண்டும் என்பது மூன்றாவது. அதில் ஐயமில்லை. பிழைப்பதற்கு நேர்மையான விவரம் தடையன்று. நூறு ஒரேமாதிரிப் பத்திகளுக்கு நடுவே அதுவே தனித்துத் தெரியும்.

நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலக் கோளாறுகளில் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை எனக் கண்டது. இந்த இடைவெளிக்குப் பணம், தொலைவு, ஊரார் பேச்சு எனக் காரணங்கள் பல. அவற்றையெல்லாம் கடந்து ஒருமுறை துணிந்தவர் தவறான கதவைத் தட்டித் திரும்பினால், இரண்டாம் கதவைத் தட்டுவது அரிது. 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்ற முடிவோடு அவர் வீடு திரும்புவார். அந்த இழப்பு எந்தப் பட்டியலின் பார்வையாளர் எண்ணிக்கையிலும் பதிவாவதில்லை.

ஆதலால் பட்டியல் நடத்துவோர் செய்யவேண்டியவை இரண்டு. பதிவு எண்ணையும் பயிற்சி விவரத்தையும் சரிபார்த்த பின்னரே சதுரத்தைத் தர வேண்டும். எந்த மொழியை ஆலோசகர் தமதென்று குறிக்கிறாரோ அம்மொழியில் அவரே எழுதிய பத்தியைக் கட்டாயமாக்க வேண்டும். ஆலோசகர் செய்யவேண்டியது ஒன்றே: தம்மைப் பற்றி எழுதுவதைக் குறைத்து, வருபவர் நடக்கவேண்டிய வழியைப் பற்றி எழுதுவது.